மாசி வைக்கோலும் ஆவணி நாம்பனும்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம். யுத்தத்தில் கணவரை இழந்த சகோதரி ஒருவருக்கு, வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பசு ஈன்ற நாம்பன் கன்றே சேமிப்பு. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மகளின் செலவுக்காக அதனை ஆவணி மாதத்தில் விற்க வேண்டி வந்தது. எலும்பு தெரிய நின்ற நாம்பனுக்கு வியாபாரி கண்மதிப்பில் சொன்ன விலையை அவரால் மறுக்க முடியவில்லை.

“மாரிக்கு நல்லாத்தானே நிண்டது மிஸ்” என்றார்.

அது உண்மைதான். ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையில் புல் செழிக்கும், கன்றும் வளரும். வைகாசிக்குப் பின்னர் புல் காய்ந்து அதிலுள்ள புரதம் குறைந்துவிடும். வயிறு நிறைய மேய்ந்தாலும் மாடு மெலியும். ஆகவே ஆவணியில் நல்ல விலை பெற மாசியிலேயே ஆயத்தமாக வேண்டும்.

காலபோக அறுவடை முடிந்ததும் வெட்டு மெசின் விட்டுச்செல்லும் வைக்கோலை எரிக்க விடாதீர்கள். நன்றாகக் காயவைத்து, மேட்டுநிலத்தில் தடிகள் பரப்பி, அதன் மேல் போராக அடுக்கித் தறப்பாளால் மூடுங்கள்.

வைக்கோலின் சத்தைக் கூட்டவும் வழியுண்டு. 1 கிலோ யூரியாவை 25 லீற்றர் தண்ணீரில் முற்றாகக் கரைத்து, 25 கிலோ வைக்கோலில் படைபடையாகத் தெளித்து மிதியுங்கள். காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி மூன்று வாரம் வையுங்கள். கொடுக்கும்போது வெளியே எடுத்து, மணம் போக ஆறவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கக்கூடாது. யூரியா கரைத்த தண்ணீரை மாடு குடித்தால் இறந்துவிடும். பிள்ளைகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

வேலிக்குச் சீமைக்கிளுவைக் கதிகால்களை மழை தொடங்கும்போது நடுங்கள். கோடையிலும் அதில் குழை இருக்கும். வெட்டி அரைநாள் வாடவிட்டு, தீனியில் கால்பங்கு அளவில் வைக்கோலுடன் கொடுக்கலாம். கொஞ்சம் தவிடும் உப்பும், எந்நேரமும் தண்ணீரும் அவசியம்.

மாரியிலும் கவனம் வேண்டும். வயல்களில் பயிர் நிற்பதால் மாட்டைக் கட்டி வைக்கிறோம். அப்போது ஈரமான இளம்புல்லை மட்டும் போட்டால் வயிறு ஊதும், கழிச்சலும் வரும். முதலில் ஒரு பிடி வைக்கோல் கொடுத்துவிட்டுப் புல்லைப் போடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் பூச்சிமருந்து கொடுப்பது பற்றிக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். இல்லாவிடின் போடும் தீனி பூச்சிக்கே போய்ச்சேரும்.

விற்பதற்கு முன், நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து நிறையைக் கணிக்கும் முறையையும் அவரிடமே அறிந்துகொள்ளலாம். நிறை தெரிந்தால் விலை பேசத் துணிவு வரும்.

அந்தச் சகோதரியின் பசு மீண்டும் ஒரு நாம்பனை ஈன்றிருக்கிறது. இம்முறை வளவின் மூலையில் வைக்கோல் போர் ஒன்றும் நிற்கிறது.