புகையை நிறுக்கும் தராசு

அரிசியை நிறுக்கத் தராசு உண்டு. துணியை அளக்க முழக்கோல் உண்டு. எண்ணெயை முகக்கப் படி உண்டு. வானில் கலந்து மறையும் புகையை எதனால் நிறுப்பது? கண்ணுக்கு எட்டாமல் கரைந்துபோகும் ஒரு பொருளுக்குக் கணக்கு எழுதி, அக்கணக்கை வைத்து வாணிகம் நடத்த இயலுமா? இயலும் என்று அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1990ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் வாயிலாக எடுத்துக்காட்டின. அவ்வாணிகத்திற்கு உயிராக அமைந்தது சந்தையின் ஆரவாரமன்று. அனல் மின் நிலையங்கள் மணிதோறும் எழுத வேண்டிய கணக்கேயாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமில மழையும் புதிய சட்டமும்

நிலக்கரியில் கந்தகம் கலந்துள்ளது. நிலக்கரி எரியும்போது அது கந்தக டை ஆக்சைடு வளியாக மாறிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் உடன் செல்கின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மழையாகவும் பனியாகவும் மண்ணுக்குத் திரும்புகின்றன. ஒகையோ ஆற்றுப் பகுதியில் எழுந்த புகை பல நூறு கல் தொலைவு கடந்து, நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலை ஏரிகளைப் பாழ்படுத்தியது. மீன் வாழாத ஏரிகள் பல தோன்றின.

இந்நிலையை மாற்றத் தூய காற்றுச் சட்டத்தில் செய்யப்பெற்ற திருத்தங்களுக்கு, அன்றைய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் (தந்தை) 1990 நவம்பர் 15 அன்று ஒப்பமிட்டார். 1980ஆம் ஆண்டில் மின் நிலையங்கள் வெளியிட்ட கந்தக டை ஆக்சைடு 1 கோடியே 70 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்டது. அதனை ஏறத்தாழப் பாதியாக்கி, ஆண்டுக்கு 89 இலட்சத்து 50 ஆயிரம் டன் என்ற உச்சவரம்பிற்குள் கொண்டுவருவது சட்டத்தின் இலக்கு. முதற்கட்டம் 1995இல் 110 பெரிய மின் நிலையங்களோடு தொடங்கியது; இரண்டாங்கட்டம் 2000இல் ஏனைய நிலையங்களில் பெரும்பாலானவற்றையும் உள்ளடக்கியது.

வழிமுறை எளியது. ஒரு டன் வளியை வெளியிட ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். குறைவாக வெளியிடும் நிலையம் எஞ்சிய சீட்டுகளை விற்கலாம். பிற்காலத்திற்குச் சேமித்தும் வைக்கலாம். மிகுதியாக வெளியிடும் நிலையம் விலைகொடுத்து வாங்க வேண்டும். எனவே புகையைக் குறைப்பது கடமையாக மட்டுமன்றி, ஆதாயமாகவும் ஆயிற்று.

அளவையே அடித்தளம்

இங்குதான் சிக்கல் எழுகிறது. நெல் வாணிகத்தில் வாங்குவோன் தன் மூட்டையைத் தானே நிறுத்துப் பார்ப்பான். குறைந்தால் வாதிடுவான். புகைச் சீட்டை வாங்குவோனோ விற்பவனின் புகைபோக்கியை எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நிலையம் பத்து டன் வெளியிட்டு ஐந்து டன் என எழுதினால், எஞ்சிய ஐந்து சீட்டும் சந்தைக்கு வந்துவிடும். வாங்கியவன், விற்றவன் இருவருக்கும் இழப்பில்லை. இழப்பு அக்காற்றைச் சுவாசிக்கும் மக்களுக்கே. ஆகவே சட்டம் இயற்றியோர் சீட்டுக்கு முன்பே தராசைப் பற்றிச் சிந்தித்தனர்.

நிலக்கரி எரிக்கும் ஒவ்வோர் உலையின் புகைபோக்கியிலும் இடைவிடாது இயங்கும் அளவைக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. ஒரு கருவி புகையில் வளியின் செறிவை அளக்கும். மற்றொன்று மணிக்கு எத்துணைக் கன அடி புகை செல்கிறது என்பதை அளக்கும். 15 நிமிடத்திற்கு ஒரு முறையேனும் அளவு பதிவாக வேண்டும். அவற்றின் சராசரியே அந்த மணிக்குரிய கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். புகையின் 10 இலட்சம் பங்கில் 400 பங்கு கந்தக டை ஆக்சைடு உள்ளது. மணிக்கு 6 கோடிக் கன அடி புகை வெளியேறுகிறது எனக் கொள்வோம். விதியில் குறித்த மாறிலியால் இவ்விரண்டையும் பெருக்கினால், ஏறத்தாழ 4,000 பவுண்டு வரும். அமெரிக்கர் கணக்கில் 2,000 பவுண்டு ஒரு டன். ஆக, மணிக்கு இரண்டு சீட்டு. ஒரு நாளைக்கு 48 சீட்டு. கருவி பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டினால், நாள்தோறும் ஏறத்தாழ ஐந்து டன் கணக்கிலிருந்து மறையும்.

இதனைத் தடுக்கவே கருவிக்கும் தேர்வுகள் வைக்கப்பட்டன. நாள்தோறும் அளவு தெரிந்த வளியைச் செலுத்திக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காலாண்டுதோறும் மூன்று வேறு செறிவுகளில் சோதிக்க வேண்டும். ஆண்டிற்கு ஓரிரு முறை, தனியே கொண்டுவரப்படும் ஒப்பீட்டு முறையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். இவ்வொப்பீட்டில் கருவி குறைத்துக் காட்டுவது தெரிந்தால், அதன் அளவுகளை உரிய விகிதத்தில் உயர்த்தியே எழுத வேண்டும். மிகுத்துக் காட்டினாலோ, குறைத்து எழுத விதி இடம் தருவதில்லை.

மௌனத்திற்கும் விலை உண்டு

கருவி பழுதுபட்டால் என்ன செய்வது? எழுதாமல் விட்டுவிடலாமா? இவ்விடத்தில்தான் விதியின் நுட்பம் புலப்படுகிறது. நூற்றுக்கு 95 பங்கிற்குக் குறையாத நேரம் கருவியைச் செம்மையாக இயக்கிய நிலையத்தில் ஒரு நாளுக்கு மேற்படாத இடைவெளி நேர்ந்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள மணிகளின் சராசரியை இட்டு நிரப்பலாம். இடைவெளி நீள நீள, பழுது பெருகப் பெருக, இட வேண்டிய எண்ணும் உயரும். செம்மையான இயக்கம் 80 பங்கிற்கும் கீழே சென்றால், அவ்வுலையில் தோன்றக்கூடிய உச்ச அளவையே உண்மை அளவாகக் கொண்டு எழுத வேண்டும். கருவியைப் பழுதாக்கி உண்மையை மறைக்க நினைப்பவன், தான் வெளியிடாத புகைக்கும் சீட்டு இழப்பான். ஐயத்தின் பயன் புகையிடுவோனுக்கன்று, காற்றுக்கே என்பது இதன் உட்பொருள்.

இவ்வாறு சேர்ந்த மணிக் கணக்குகளைக் காலாண்டு முடிந்த 30 நாள்களுக்குள் மின்னணு அறிக்கையாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு அனுப்புதல் வேண்டும். நிலையத்தின் சார்பில் பொறுப்பேற்ற ஒருவர் அது உண்மையெனச் சான்றளிக்க வேண்டும். பொய்ச் சான்றுக்குத் தண்டனை உண்டு. ஆண்டு முடிவில் சீட்டு குறைந்தால், டன்னுக்கு 2,000 டாலர் என 1990இல் வகுக்கப்பெற்று விலைவாசிக்கேற்ப உயர்ந்துவரும் தண்டத் தொகையைச் செலுத்துவதோடு, குறைந்த சீட்டையும் ஈடுசெய்ய வேண்டும். அறிக்கைகள் பெட்டியில் பூட்டப்படுவதில்லை. பொதுமக்கள் எவரும் பார்க்குமாறு வெளியிடப்படுகின்றன.

பயனும் படிப்பினையும்

1990ஆம் ஆண்டோடு ஒப்பிட, அமெரிக்க மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு இன்று 90 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துள்ளது. இது முழுவதும் சீட்டு வாணிகத்தின் விளைவு எனல் மிகையாகும். பின்னர் வந்த கடுமையான விதிகளும், நிலக்கரிக்கு மாற்றாக வந்த இயற்கை எரிவாயுவும் பங்களித்தன. எனினும் எவ்வளவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கே அக்கணக்கேடுதான் காரணம்.

நம் நாட்டிற்கும் இப்படிப்பினை உரியது. குசராத்தில் ஆலைகள் தாமே தேர்ந்து ஊதியம் தந்த தணிக்கையாளர்களின் அறிக்கைகளை ஆய்ந்து, எசுதர் டஃப்லோ முதலிய பொருளியலறிஞர்கள் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவ்வறிக்கைகளில் தூசின் அளவு வியப்பூட்டும் வகையில் அனுமதி வரம்பிற்குச் சற்றுக் கீழேயே நின்றது! தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து ஊதியம் தந்து, அளவுகளை மீண்டும் சரிபார்த்தபோது பொய்யறிக்கை பெரிதும் குறைந்தது, புகையும் குறைந்தது.

குசராத், மகாராட்டிரம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டிலும் உமிழ்வு வாணிகத்தைச் சோதனை முறையில் நடத்த 2011இல் நடுவண் அரசு திட்டம் அறிவித்தது. அது 2019இல் சூரத் நகர ஆலைகளில், நுண்துகள்களுக்கான உலகின் முதற் சந்தையாக நடைமுறைக்கு வந்தது. அங்கும் முதலில் பொருத்தப்பட்டவை புகைபோக்கிக் கருவிகளே. அத்திட்டத்தால் துகள் உமிழ்வு 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்ததென ஆய்வு கூறுகிறது.

எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் நெய்வேலியிலும் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளைக் கண்டு வளர்ந்தவர் நாம். அவற்றின் உயரத்தை வியந்திருக்கிறோம். அவற்றிலிருந்து மணிதோறும் எழும் நச்சின் எடையைக் கேட்டதுண்டா? சட்டம் வகுப்பது அரசின் கடன். உண்மையை எழுதுவது ஆலையின் கடன். எழுதியதைப் படித்துக் கேள்வி எழுப்புவது கற்றோர் கடன். தராசு நேராக நின்றால்தான் வாணிகம் நிலைக்கும்; காற்றும் நிலைக்கும்.