ராஜபோகப் பிரயாணம்: சிக்கனச் செலவில்!

சக்கரங்களின் மேல் ஓடும் அரண்மனை ஒன்று நம் நாட்டில் இருக்கிறது!

"பேலஸ் ஆன் வீல்ஸ்" என்பது அதன் பெயர். 1982-ம் ஆண்டு குடியரசு தினத்தன்று ஓடத் தொடங்கிய ரெயில். தொடக்கத்தில் பழைய சமஸ்தானங்களின் அசல் பெட்டிகளே அதில் ஓடின. பிறகு அதே பாணியில் புதிய பெட்டிகள் வந்தன. சாப்பாட்டுக்கு இரண்டு பெட்டிகள். ஒன்றின் பெயர் மகாராஜா. மற்றொன்றின் பெயர் மகாராணி!

டெல்லியில் புறப்படும் இந்த ரெயில் ஜெய்ப்பூர், சவாய் மாதோபூர், சித்தோர்கர், உதயபூர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், பரத்பூர், ஆக்ரா ஆகிய ஊர்களைச் சுற்றிவிட்டு ஏழு இரவுகளில் டெல்லிக்கே திரும்பிவிடும்.

கட்டணம்? ஒருவருக்கே லட்சக்கணக்கில்!

"நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று மாதச் சம்பளக்காரர் பெருமூச்சு விடுவார், பக்கத்தைப் புரட்டிவிடுவார். புரட்ட வேண்டாம். அந்த ரெயில் போகும் ஊர்களுக்கெல்லாம் சாதாரண ரெயிலும் போகிறது. லட்ச ரூபாய் கொடுத்தவரும் சரி, இரண்டாம் வகுப்பில் வந்தவரும் சரி, கோட்டைக்குள் ஏறுவது ஒரே படிக்கட்டில்தான்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று கேலி செய்வார்கள். கொஞ்சம் யோசித்துச் செலவு செய்தால், கூழும் குடிக்கலாம்; மீசையும் நனையாது!

சுகம் எங்கே இருக்கிறது?

ஆடம்பரப் பிரயாணம் என்று நாம் சொல்வதில் மூன்று சரக்குகள் கலந்திருக்கின்றன.

முதலாவது, காணும் சுகம். கோட்டை, ஏரி, மணல்மேடு, அந்தி வெயில். இரண்டாவது, உடம்புச் சுகம். நல்ல படுக்கை, வெந்நீர், அமைதி. மூன்றாவது, படாடோபம். வாசலில் சலாம், தலைப்பாகைக்காரர் நீட்டும் தட்டு, பக்கத்தில் கைகட்டி நிற்கும் ஆள்.

முதல் சுகத்துக்கு விலை மிகக் குறைவு. பல இடங்களில் இலவசம். இரண்டாவது சுகத்தைத் தேவையான அன்றைக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பில்லை ஏற்றுவது மூன்றாவதுதான்! ஊர் திரும்பியதும் முதலில் மறந்துபோவதும் அதுதான்.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் போதும். எங்கே பையைத் திறப்பது, எங்கே மூடுவது என்பது தானே விளங்கிவிடும்.

ராஜாக்கள் ஓட்டல்காரர்கள் ஆனார்கள்

ராஜஸ்தானத்து அரண்மனைகளுக்குள் சாதாரண மனிதன் கால் வைக்க முடிகிறதே, அது எப்படி?

சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் இந்திய யூனியனில் சேர்ந்தன. ராஜாக்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்துவந்தது. 1971-ம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தம் அந்த மானியத்தை நிறுத்தியது. அரண்மனையோ பெரிது, கூரை ஒழுகினாலும் செலவு, ஒழுகாவிட்டாலும் செலவு!

சிலர் முன்கூட்டியே விழித்துக்கொண்டார்கள். ஜெய்ப்பூர் மகாராஜா தமது ராம்பாக் அரண்மனையை 1957-ம் ஆண்டிலேயே ஓட்டலாக மாற்றினார். உதயபூர் ஏரியின் நடுவே இருக்கும் வெள்ளை மாளிகை 1963-ம் ஆண்டு ஓட்டல் ஆயிற்று. மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஒரு பகுதி ஓட்டல், ஒரு பகுதி பொருட்காட்சி சாலை, ஒரு பகுதியில் ராஜ குடும்பம் என்று பல அரண்மனைகள் பங்கு பிரிந்தன.

அந்தப் பங்கில்தான் நமக்கும் ஒரு பங்கு கிடைத்தது!

பஞ்சம் கட்டிய மாளிகை

ஜோத்பூரில் உமெய்த் பவன் என்ற அரண்மனை இருக்கிறது. 347 அறைகள்! உலகத்தின் மிகப் பெரிய தனியார் மாளிகைகளில் ஒன்று.

இதைக் கட்டிய காரணம் விசித்திரமானது. 1920-களில் அந்தச் சீமையில் மழை பொய்த்தது. குடியானவர்கள் பிழைக்க வழியின்றித் தவித்தார்கள். அவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுப்பதற்காக மகாராஜா உமெய்த் சிங் இந்தக் கட்டடத்தைத் தொடங்கினார். 1929-ம் ஆண்டு அஸ்திவாரம் போட்டார்கள். 1943-ம் ஆண்டு வேலை முடிந்தது. ஆயிரக்கணக்கானோரின் அடுப்பு இந்தக் கட்டடத்தால் எரிந்தது.

இன்று அங்கே ஓர் இரவு தங்குவதற்கு, நம்மில் பலர் ஒரு மாதம் முழுவதும் வாங்கும் சம்பளம் பற்றாது. ஆனால் அதே மாளிகையின் பொருட்காட்சிப் பகுதிக்குள் நுழைய, இரண்டு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிடும் செலவுகூட ஆகாது. ராஜ குடும்பத்தின் பழைய கடிகாரங்கள், மோட்டார் வண்டிகள் எல்லாவற்றையும் ஆற அமரப் பார்க்கலாம்.

கல்லைச் சுமந்த கூலியாளின் பேரன் டிக்கெட் வாங்கிக்கொண்டு நிமிர்ந்த தலையோடு உள்ளே போகிறான். இதைவிட ராஜபோகம் வேறு என்ன வேண்டும்?

கரையில் நிற்பவருக்கே காட்சி!

உதயபூரில் பிச்சோலா ஏரி. நடுவே வெண்பளிங்கு மாளிகை. 1740-களில் இரண்டாம் ஜகத் சிங் மகாராணா கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் மிதப்பதுபோல இருக்கும்.

அங்கே அறை எடுத்தவருக்கு எல்லாச் சுகமும் உண்டு. ஒன்றே ஒன்றைத் தவிர. மாளிகைக்குள் இருப்பவருக்கு மாளிகை தெரியாது! அது ஏரியில் மிதக்கும் அழகு கரையில் நிற்பவருக்கே கிடைக்கும்.

சூரியன் சாயும் நேரத்தில் அம்ப்ராய் படித்துறைக்குப் போய் உட்கார வேண்டும். எதிரே நகர அரண்மனை முழுவதும் பொன்னிறமாகும். பிறகு ஒவ்வொரு விளக்காக ஏற்றுவார்கள். தண்ணீரில் இன்னோர் அரண்மனை தலைகீழாக எழும்பும்.

ஏரியில் போக ஆசையா? நகர அரண்மனையின் துறையிலிருந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜக் மந்திர் என்ற இன்னொரு தீவு மாளிகைக்குப் படகில் போய் வரலாம். தந்தையோடு பகைத்துக்கொண்ட இளவரசர் குர்ரம் அடைக்கலம் புகுந்த இடம் அது. அவர்தான் பின்னாளில் தாஜ்மகாலைக் கட்டிய ஷாஜகான்!

ஒரே ஓர் இரவு

அப்படியானால் அரண்மனையில் தங்கவே கூடாதா? தாராளமாகத் தங்கலாம். ஒரே ஓர் இரவு!

பெரிய அரண்மனை எட்டாது. சிறிய அரண்மனை எட்டும். 1950-ம் ஆண்டுக்கு முன் கட்டிய கோட்டை, அரண்மனை, ஹவேலி ஆகியவற்றை "பாரம்பரிய ஓட்டல்" என்று அரசாங்கம் வகைப்படுத்துகிறது. ஹவேலி என்றால் பழைய வியாபாரிகளும் பிரபுக்களும் கட்டிய மாட வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். நமது செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொண்டால் சரி. சின்னஞ்சிறு ஜமீன்தாரின் ஹவேலியில் பெரிய அரண்மனை வாடகையில் ஒரு சிறு பங்குக்கே அறை கிடைக்கும்.

மற்ற இரவுகளில் சிக்கனம். ராஜஸ்தான் சுற்றுலாக் கழகத்தின் ஓட்டல்கள் உண்டு. ரெயில் நிலையங்களில் ஓய்வறைகள் உண்டு. உறுதியான டிக்கெட் வைத்திருப்பவர் அதன் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்துகொள்ளலாம்.

அந்த ஓர் இரவைச் சுற்றுலாவின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அரண்மனையில் படுத்தவருக்கு மறுநாள் ஓய்வறை கசக்கும். கடைசியில் படுத்தவருக்கோ, பட்ட அலைச்சலெல்லாம் மறந்துபோகும். மதியம் அறை திறக்கும் நேரத்திலேயே போய்விட வேண்டும். மறுநாள் அறையைக் காலி செய்யும் நேரம் வரை வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. கொடுத்த காசு முற்றத்திலும் மாடியிலும் இருக்கிறது, கடைவீதியில் இல்லை!

ஜெய்சல்மேரில் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1156-ம் ஆண்டு எழுந்த அந்தக் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். உள்ளேயே விடுதிகளும் இருக்கின்றன. ஆனால் குழாய்த் தண்ணீர் பெருகி, கசிந்து, அடிமண்ணை இளக்கிவிட்டது, சுவர்கள் பழுதாயின. ஆகவே வெளியே தங்குவதே தர்மம். லாபமும் அதில்தான். வெளியே ஒரு மொட்டை மாடியில் நின்றால், மாலை வெயிலில் கோட்டை முழுவதும் தங்கக் கட்டிபோல் தெரியும்.

ஓடும் படுக்கை அறை

ராஜபோகத்தில் பாதியை நமது சாதாரண ரெயிலிலேயே அனுபவிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

குளிர்சாதன முதல் வகுப்பில் கதவைத் தாளிட்டுக்கொள்ளும் அறைகள் உண்டு. நாலு பேர் அறை ஒன்று. இரண்டு பேர் அறை மற்றொன்று. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் ஓர் அறை முழுவதும் உங்களுக்கே கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் எந்த அறை என்பதைப் புறப்படுமுன் பட்டியல் தயாராகும்போதுதான் முடிவு செய்வார்கள்.

எல்லா நாளும் இதில் போக வேண்டியதில்லை. ஒரு நீண்ட இரவுக்கு மட்டும் போதும். டிக்கெட் விலையிலிருந்து அன்றைய ஓட்டல் வாடகையைக் கழித்துப் பாருங்கள். பயமுறுத்திய விலை பாதியாகத் தெரியும்.

இன்னொரு சலுகை, சுற்றுப் பிரயாண டிக்கெட். புறப்பட்ட நிலையத்துக்கே வேறு வழியாகத் திரும்பி வருபவர்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள். ரெயில் கட்டணத்தில், தூரம் கூடக் கூட ஒரு கிலோ மீட்டருக்கு ஆகும் கட்டணம் குறையும். தனித்தனியாகப் பத்து டிக்கெட் வாங்கினால் அந்த லாபம் போய்விடும். ஒரே டிக்கெட்டாக வாங்கினால் நிற்கும். வழியில் எட்டு ஊர்கள் வரை இறங்கி ஏறலாம்.

சென்னையிலிருந்து ஆக்ரா, பரத்பூர், ஜெய்ப்பூர், சித்தோர்கர், உதயபூர். அங்கிருந்து ஆமதாபாத், மும்பை வழியாகச் சென்னை. இது நல்ல வட்டம். உதயபூர்-ஆமதாபாத் அகலப்பாதை 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்டதால் இந்த வழி எளிதாயிற்று. ஜோத்பூரும் ஜெய்சல்மேரும் பார்க்க வேண்டுமானால் ஜெய்ப்பூரிலிருந்து தனி டிக்கெட்டில் போய்வரலாம்.

போகும் ஊர்களைப் பட்டியல் போட்டு ரெயில்வே வர்த்தக அலுவலகத்தில் கொடுத்து, டிக்கெட் வாங்கிய பிறகு ஒவ்வொரு ரெயிலுக்கும் படுக்கை பதிவு செய்ய வேண்டும். 2024-ம் ஆண்டு நவம்பர் முதல், 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. ஆகவே 70 நாட்களுக்கு முன்பே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுங்கள்.

எந்த மாதம்?

மே மாத விடுமுறையில் அறை வாடகை மலிவாக இருக்கும். ஆனால் வெயில் 45 டிகிரியைத் தாண்டும்! கோட்டைப் படியில் குழந்தைகள் சுருண்டுவிடுவார்கள். அது மலிவல்ல, தண்டனை.

டிசம்பர் கடைசியில் குளிர் சுகமாக இருக்கும்; விலை சுடும்.

நமது பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறையே தக்க சமயம். செப்டம்பர் இறுதியில் மழை ஓயும். உதயபூர் ஏரிகளில் தண்ணீர் இருக்கும். கூட்டம் இன்னும் வந்திராது. பரத்பூர் சரணாலயத்தில் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும். அங்கே வாடகை சைக்கிளில் காலை நேரத்தில் சுற்றலாம். பறவைகளின் பெயர் சொல்லப் பழகிய ரிக்ஷாக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். அது வீண் செலவல்ல.

எதில் சிக்கனம் கூடாது?

குடிதண்ணீரில் சிக்கனம் கூடாது. வழிகாட்டியில் கூடாது. அரசாங்க அடையாளச் சீட்டு உள்ள வழிகாட்டிக்குரிய கூலியைக் கொடுங்கள். "காசே வேண்டாம், நான் காட்டுகிறேன்" என்று வருபவர் உங்களை அழைத்துப்போய் நிறுத்தும் இடம் சேலைக் கடையாகவோ ரத்தினக் கடையாகவோ இருக்கும். இலவசத்தின் விலை அங்கே தெரியும்!

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பேராசையும் கூடாது. எட்டு ஊரை எட்டு நாளில் ஓடிப் பார்ப்பவன் கூலியாள். நாலு ஊரை எட்டு நாளில் பார்ப்பவன் ராஜா. அவசரமில்லாமல் இருப்பதுதான் உலகத்திலேயே பெரிய ஆடம்பரம்.

கடன் வேண்டாம்

இப்போது பிரயாணத்துக்கும் தவணைக் கடன் கொடுக்கிறார்கள். ஏழு நாள் சுகம். முப்பத்தாறு மாதத் தவணை! அரண்மனைப் படுக்கையில் புரளும்போதே அடுத்த மாதத் தவணை நினைவுக்கு வந்தால் தூக்கம் எங்கே வரும்?

மாறாக, "ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மகன் படிப்பு, மகள் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் முடிந்து பணம் கைக்கு வரும்போது முழங்கால் போய்விடுகிறது. சித்தோர்கர் கோட்டையில் மகாராணா கும்பா எழுப்பிய ஒன்பது மாடி வெற்றித் தூண், நமக்காகச் சில நூற்றாண்டுகள் காத்திருக்கும். நம் கால்கள் காத்திருக்குமா?

கடனும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். மாதா மாதம் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு வருஷத்தில் ஒரு சுற்றுப் பிரயாணத்துக்குச் சேர்ந்துவிடும். அதுவரை படத்தைப் பார்த்து, வழியை எழுதி, பிள்ளைகளோடு பேசிப் பேசி மகிழலாம். அதற்குக் கட்டணமே கிடையாது!

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்கேற்ற காட்சியைக் காண வேண்டாம் என்று எந்தப் பெரியவரும் சொன்னதில்லை!