40 பேர், ஒரு அரக்கன், ஒரு எக்செல் ஷீட்

சென்னையில் இரவு மணி 12. வீடே தூங்குகிறது. நான் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இருட்டில் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். காதுக்குள் 37 பேர். வரவேண்டியது 40. ஐரோப்பாவில் இப்போது மாலை ஏழரை. "மீதி மூணு பேர் எங்கே?" என்கிறார் எங்கள் விளையாட்டுக் கூட்டமான கில்டின் தலைவர். ஒருவர் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாராம். ஒருவர் வீட்டில் இன்டர்நெட் படுத்துவிட்டது. மூன்றாமவர் நகர வாசலில் சும்மா நிற்கிறார், யாராவது மந்திரம் போட்டு அழைத்துக்கொள்ளட்டும் என்று!

அந்த மந்திரக்காரர் வேறு யார், நான்தான். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை அதன் பழைய கோலத்திலேயே 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்று மறுபடி திறந்தார்கள். அதில் நான் ஒரு வார்லாக். கூட இரண்டு பேர் கைகொடுத்தால் உலகின் எந்த மூலையில் இருப்பவரையும் குகை வாசலுக்கு இழுத்துவிடுவேன். தலைக்கு ஒரு ஆன்மாச் சில்லு செலவு. சாகப்போகும் பிராணியிடமிருந்து அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். பையில் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கவும் முடியாது, ஒவ்வொன்றும் தனி இடம் கேட்கும். சாயங்காலம் முழுக்க அதைத்தான் பொறுக்கினேன். என் வீர வரலாறு இவ்வளவே.

கில்டு என்றதும் பலருக்கு நினைவு வருவது 2005-இல் பரவிய லீராய் ஜென்கின்ஸ் வீடியோ. எல்லோரும் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, ஓர் ஆசாமி தன் பெயரைத் தானே கத்திக்கொண்டு உள்ளே பாய்வார். மொத்தக் கூட்டமும் சாகும். அது திட்டமிட்டு நடித்தது. எங்களுக்கு நடிக்கிற சிரமமே வேண்டாம்! இன்று ரெய்டு (கூட்டுப் படையெடுப்பு) போகும் மோல்டன் கோர் எரிமலைக் குகையில் பாரன் கெடன் என்றொரு நெருப்பு அரக்கன். திடீரென்று நம்மில் ஒருவரை வெடிகுண்டாக்கிவிடுவான். 8 விநாடிக்குள் அவர் கூட்டத்தைவிட்டு ஓட வேண்டும். பயந்தவர் எங்கே ஓடுவார்? ஆள் இருக்கும் பக்கம்தான். போன வாரம் காயம் ஆற்றும் எங்கள் ஹீலர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வானத்தில் பறந்தார்கள். தலைவர் திட்டவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. திட்டியிருக்கலாம்.

அவருக்கு அரக்கன் ஒரு பொருட்டே இல்லை. ஆபிசர்கள் மட்டும் எட்டிப்பார்க்கும் தனி சேனல் ஒன்று இருக்கிறது; நிஜமான ரெய்டு அங்கேதான் நடக்கிறது. 40 பேரை ஐந்தைந்தாக 8 குழுவாகப் பிரிக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்று பெரியம்மாக்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்களே, அதே கதை. இரண்டு ஹீலர்கள் காதலித்துப் பிரிந்தவர்கள், ஒரே குழுவில் போடக்கூடாது. ஒருவர் நைட் ஷிஃப்ட் போகிறவர், பாதியில் எழுந்துவிடுவார். இன்னொன்று கேளுங்கள்: அரக்கன் உடம்பில் ஒரே நேரத்தில் 16 சாபம்தான் தங்கும். புதிதாக ஒன்று ஒட்டினால் ஏற்கெனவே இருப்பது ஒன்று உதிரும். அதனால் யார் எந்தச் சாபம் போடலாம் என்று பட்டியலே உண்டு. எனக்கு ஒதுக்கியது ஒன்றே ஒன்று. ரேஷன் கடையில்கூட இதைவிடத் தாராளம்.

அடுத்தது பங்கீடு. ஓர் அரக்கன் விழுந்தால் உருப்படியாக இரண்டு மூன்று பொருள் கிடைக்கும். கை நீட்டுவது 40 பேர்! எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டில் 1999-இலேயே இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். டிராகன் கில் பாயின்ட்ஸ், சுருக்கமாக டி.கே.பி. ரெய்டுக்கு வந்தால் புள்ளி ஏறும், பொருள் எடுத்தால் இறங்கும். எக்செல் ஷீட்டில் இதைக் கட்டிக் காப்பவர் பெல்ஜியத்துக்காரர் ஒருவர். சண்டையில் அவர் சுமார்தான், ஆனால் அவர் ஒரு வாரம் லீவு போட்டால் கில்டே ஆட்டம் காணும்.

கணக்கு சரியாக இருந்தும் கை சுட்டதுண்டு. தண்டர்ஃப்யூரி என்ற வாளுக்கு இரண்டு பாதிகள் வேண்டும். அபூர்வமாகத்தான் விழும். ஒரு பாதி விழுந்த இரவில் நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து அம்மா எழுந்து வந்துவிட்டார். அதை, முன்னால் நின்று அடி தாங்கும் எங்கள் டேங்குக்கு ஒருமனதாகக் கொடுத்தோம். வாங்கியவரோடு ஒட்டிக்கொள்ளும் பொருள் அது, திரும்பப் பிடுங்க முடியாது. மூன்றாம் வாரம் அவர் வேறு கில்டுக்குப் போய்விட்டார், வாள் பாதியோடு.

சாவி யார் கையில் என்பதுதான் தலைவரைத் தூங்கவிடாத கேள்வி. கிளாசிக்கில் கில்டுக்கென்று பொதுப் பெட்டகம் கிடையாது. மொத்தச் சொத்தும் நகரத்தில் சும்மா நிற்கும் ஒரு குட்டிப் பாத்திரத்தின் பெட்டியில். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற மாபெரும் கூட்டணியை 2009-இல் எதிரி பக்கம் சாய்ந்த அதன் நிர்வாகி ஒருவரே உள்ளிருந்தபடி கலைத்துவிட்டார். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அதே விளையாட்டில் 2014 ஜனவரியில் ஒரு மண்டலத்துக்கான பராமரிப்புத் தொகை கட்டாமல் விட்டுப்போனது. விளைவு, சுமார் 21 மணி நேர யுத்தம். 75 டைட்டன் கப்பல்கள் தூளாயின. கரண்ட் பில் கட்ட மறந்தால் இங்கே ஃபியூஸைத்தான் பிடுங்குவார்கள்!

இரண்டேகால் மணிக்கு ராக்னரோஸ் எழுந்தான். எரிமலைக் குழம்பிலிருந்து இடுப்பளவு மட்டும் தெரிகிற நெருப்பு ராட்சசன். மூன்று நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் குழம்புக்குள் முங்கிக்கொண்டு 8 பிள்ளைகளை ஏவிவிடுவான். இன்று முங்க விடவில்லை. விழுந்தான்! 40 மைக்குகளும் ஒரே நேரத்தில் அலறின. நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினேன்.

அலறல் அடங்குவதற்குள் தலைவரின் குரல்: "வியாழக்கிழமை வர முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க." பதில் இல்லை. பெல்ஜியத்துக்காரர் கீபோர்டைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு குரல். ஆரம்பத்தில் நகர வாசலில் நின்றாரே, அதே ஆள்.

"யாராவது ஊருக்கு ஒரு போர்ட்டல் போடுங்களேன்?"