திருப்பி வைத்தால் பாடும் பெட்டி

பாட்டு மங்கினால் பெட்டியைச் சற்றே திருப்பி வைக்க வேண்டும் என்பதும், பொழுது சாய்ந்தபின் தூரத்து நிலையம் தானாகவே தெளிந்துவரும் என்பதும், ஓய்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்தால் இன்னும் சிறிது காலம் ஓடும் என்பதும் 1960-களிலும் 1970-களிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் டிரான்சிஸ்டர் வானொலியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு எவரும் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவை அல்ல. பாட்டின்மீது கொண்ட ஆசையே அவர்களுக்கு ஆசானாக இருந்தது. மூத்தோர் சிலர் இவற்றைப் பிள்ளை விளையாட்டென்று எள்ளியதுண்டாயினும், ஒவ்வொன்றும் பௌதிக சாஸ்திரத்துக்கு முற்றும் இசைந்ததே என்பதை அந்தச் சாதனத்தின் உள்ளமைப்பை அறிந்தவர் ஒப்புக்கொள்வர்.

இதற்கு முன்னிருந்த வால்வு ரேடியோ, கூடத்து மேஜையைவிட்டு இறங்காத கனவான். கண்ணாடிக் குழல்களுக்குள் இழை சூடேறிய பிறகே அது வாய் திறக்கும். மின்சார வசதியில்லாத வீட்டில் அதை வைத்துக் காப்பதோ பெரும் செலவு. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டெயினும் ஒரு ஜெர்மேனியத் துண்டின்மீது இரண்டு பொன் முனைகளை மிக நெருக்கமாக ஊன்றி, மெலிந்த மின்சைகை ஒன்று அதன் வழியே வலுப்பெற்று வெளிப்படுவதைக் கண்டார்கள். டிரான்சிஸ்டர் என்னும் இதில் சூடாக்க வேண்டிய இழையும் இல்லை, உயர்ந்த மின்னழுத்தமும் வேண்டாம். 1954-இல் நான்கே டிரான்சிஸ்டர்களைக் கொண்ட ரீஜென்ஸி என்னும் சட்டைப்பை வானொலி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. சில ஆண்டுகளில், டார்ச் விளக்குக்குப் போடும் கட்டைகளிலேயே ஓடும் பெட்டிகள், தோலுறை போர்த்துத் தோள்வாரில் தொங்கியபடி நம் வயல்வெளிகளுக்கும் வந்து சேர்ந்தன.

ஆகாயத்தில் ஒரே சமயத்தில் பல நிலையங்களின் அலைகள் கலந்து திரிகையில், திருகைச் சுழற்றியவுடன் ஒன்றை மாத்திரம் அது எப்படிப் பொறுக்கியெடுக்கிறது? முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் வகுத்த உபாயம் இன்றும் வியக்கத்தக்கது. பெட்டிக்குள் ஒரு குட்டி அலையாக்கி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். நாம் 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தை நாடினால் அது 1455-இல் அதிரும். 1200-ஐ நாடினால் 1655-க்கு ஏறும். வந்த அலையும் வீட்டு அலையும் கலக்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 455 எப்போதும் மாறாமல் கிடைக்கும். எந்தச் சந்தையிலிருந்து வந்த நெல்லாயினும் ஒரே மரக்காலில் அளப்பதைப்போல, எந்த நிலையத்தின் பாட்டையும் அந்த ஒரே அதிர்வெண்ணுக்கு இறக்கிவிடுவதால், அதற்கென்றே இசைவித்த சுருள்களைக்கொண்டு பெருக்குவதும், அண்டை நிலையத்தைத் தடுப்பதும் எளிதாகின்றன. அதன்பின் அலையிலிருந்து பாட்டைப் பிரித்தெடுக்க ஒரு சிறு டயோடு போதும்.

மத்திய அலையைக் கிரகிக்கும் உறுப்போ வெளியே தெரிவதில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், பெட்டியின் நீளவாக்கில் விரல் பருமனுள்ள ஒரு கரிய கோலும் அதன்மீது மெல்லிய கம்பிச் சுற்றுகளும் காணப்படும். இரும்பு ஆக்சைடைப் பிற உலோக ஆக்சைடுகளோடு சேர்த்துச் சுட்டெடுத்த பெரைட் என்னும் பொருளாலான அந்தக் கோல், அலையிலுள்ள காந்தப் பகுதியைத் தன்னுள் ஈர்த்துத் திரட்டும். தன் பக்கவாட்டை நோக்கி வரும் அலையை அது முழுவதும் ஏற்கும்; தன் முனைக்கு நேராக வரும் அலையை ஏறக்குறைய ஏற்பதேயில்லை. பெட்டியைத் திருப்பியதன் மர்மம் இதுதான். தஞ்சாவூரில் இருப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1939 முதல் இயங்கிவரும் திருச்சி வானொலி நிலையம் அவருக்கு நேர் மேற்கே. கொழும்போ ஏறத்தாழ நேர் தெற்கே. பெட்டியைக் கிழக்கு மேற்காக நீட்டி வைத்தால் கோலின் முனை திருச்சியை நோக்கும், பக்கவாட்டு கொழும்பை நோக்கும். அருகிலுள்ள நிலையத்தின் ஆரவாரம் அடங்கி, தொலைவிலுள்ளது தலைதூக்கும். தெற்கு வடக்காக வைத்தால் நிலைமை தலைகீழ். திசைகாட்டியின்றி இந்தக் கணக்கை நாள்தோறும் போட்டவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள்!

கொழும்பை ஏன் அவ்வளவு நாடினார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. போர்க்காலத்தில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்த நேச நாட்டுப் படைவீரர்க்கென இலங்கையில் அமைக்கப்பட்ட வானொலி, 1949-இல் அந்நாட்டு அரசின் வசமாயிற்று. 1950-இல் வர்த்தக சேவை தொடங்கியது. இங்கேயோ 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்கும் நோக்கத்தால் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைச் சுருக்கினார். நோக்கம் உயர்ந்ததாயிருக்கலாம், விளைவு என்னவோ ஜனங்கள் முள்ளை இலங்கைப் பக்கம் நகர்த்தியதுதான். 1957-இல் விவித பாரதி பிறந்த பிறகும் இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டபடி காலை வேலைகளைத் தொடங்கிய வீடுகள் நம் பக்கத்தில் குறையவில்லை. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய அந்நிலைய அறிவிப்பாளர்களின் குரல்கள் அவர்கள் முகமறியாத வீடுகளில் உறவினர் குரல்களாயின. இயற்கையும் இதற்குத் துணை நின்றது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால், மண்மீது விரைவில் தேய்ந்துபோகும் மத்திய அலை கடல்மீது வெகுதூரம் தளராமல் வரும்.

பொழுது சாய்ந்தபின் தூரத்து நிலையம் தெளிவதன் காரணம் வானத்தில் இருக்கிறது. பகலில் வானத்தின் கீழடுக்கில், சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று, மேலே செல்லும் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. அஸ்தமனத்துக்குப் பின் அந்த அடுக்கு கலைந்துவிட, அதற்கும் மேலுள்ள அடுக்குகள் அலையைத் திருப்பி நிலத்துக்கு அனுப்புகின்றன. சிற்றலையின் பயணம் பெரும்பாலும் இந்த வானத்து வழியாகவே நிகழ்வது. பல வழிகளில் வந்துசேரும் அதன் கூறுகள் ஒரு கணம் ஒன்றையொன்று தாங்கியும் மறுகணம் ஒன்றையொன்று அழித்தும் விளையாடுவதால், சரணத்தின் நடுவே குரல் அமிழ்ந்துபோய், அடுத்த அடியில் மீண்டும் மேலெழும்.

ஒலியின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் ஆழ்ந்த ஸ்தாயியை எழுப்ப இயலாது. அலைவரிசையின் குறுகிய அகலமோ ஜால்ராவின் மின்னலைக் கத்தரித்துவிடும். ஆயினும் கேட்டவர் மத்தளத்தின் தொப்பியைக் கேட்டதாகவே எண்ணினார். கீழ் அதிர்வு வராவிட்டாலும் அதன் மேலதிர்வுகளைக்கொண்டு மூளை இல்லாததை ஊகித்துக்கொள்ளும் என்பது கேள்விப்புலனை ஆராய்ந்தவர்கள் அறிந்த உண்மை. இரு பக்கமும் வெட்டுண்டு நடுவில் எஞ்சியது மனிதக் குரலுக்குரிய பிரதேசம். அக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டின் சொற்கள் வரி பிசகாமல் மனப்பாடமானதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். இன்றைய பெரிய ஒலிபெருக்கிகளில் அதே பாட்டைக் கேட்கும்போது வாத்தியங்கள் இவ்வளவு இருந்தனவா என்று வியக்கிறோம், சொல்லோ சற்றுப் பின்னே நிற்கிறது.

எஞ்சியது கட்டைகளின் கதை. துத்தநாகக் கிண்ணத்துக்கும் நடுவிலுள்ள கரிக்கோலுக்கும் இடையே அடைத்த மாங்கனீசு டையாக்சைடுப் பசையில் ரசாயன மாற்றம் நிகழ நிகழ, விளைபொருள்கள் தேங்கி மின்னோட்டத்தைத் தடுக்கும். ஓய்வு கொடுத்தால் அவை ஓரளவு பரவிக் கலைகின்றன. வெயிலின் வெப்பம் அந்தப் பரவலையும் ரசாயன வினையையும் துரிதப்படுத்தி, உள்தடையைக் குறைக்கிறது. ஆகவே கூரைமீது காய்ந்த கட்டை மீண்டும் பாடியதில் அதிசயமில்லை. புது சக்தி ஏதும் அதில் சேர்வதில்லை, மிச்சமிருந்தது வெளிவருகிறது, அவ்வளவே. ஆனால் இப்படிக் கடைசிச் சொட்டுவரை கறக்கும்போது துத்தநாகக் கிண்ணம் அரித்து ஓட்டையாகி, பசை கசிந்து, பெட்டியின் வில்சுருளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். பரணில் கிடக்கும் பழைய பெட்டி ஒன்று பேச மறுத்தால், டிரான்சிஸ்டர்களைச் சந்தேகிக்குமுன் அந்தச் சுருளை உப்புத்தாளால் தேய்த்துப் பார்ப்பது நலம்.