ஜெராக்ஸில் கறுத்த பக்கங்கள்

பெற்றோர் வந்திருக்கிறார்கள் – 9

சென்ற வாரம் பார்த்தது நூலகர்களின் சண்டை. 2007-இல் நியூபெரி பரிசு வாங்கிய சிறுவர் நாவலின் முதல் பக்கத்திலேயே ஒரு நாயின் விரைப்பை வருகிறது என்று பள்ளி நூலகர்கள் சிலர் அந்த நாவலை வாங்க மறுத்த கதை. அதில் யாருக்கும் வலிக்கவில்லை, கூச்சம்தான். இந்த வாரக் கதையில் வலி உண்டு. அதனால்தான் இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை.

நியூயார்க் நகரின் புருக்ளினில் புஷ்விக் என்றொரு பகுதி. 1998-இல் அங்கே பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்களும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களும் வசித்தன. அங்கிருந்த பி.எஸ். 75 என்ற அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ரூத் ஷெர்மன். வயது 27, வெள்ளைக்காரப் பெண். தன் வகுப்புப் பிள்ளைகள் தங்களைப் போன்ற முகங்களைப் புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்று அவர் ஒரு படக்கதையை எடுத்து வந்து வாசித்துக் காட்டினார். முந்தைய ஆண்டுதான் வெளியான அந்தப் புத்தகத்தின் பெயர் ‘நேப்பி ஹேர்’. எழுதியவர் கரோலிவியா ஹெரன். ஆப்பிரிக்க அமெரிக்கரின் காவிய மரபை ஆராய்ந்த பேராசிரியை, அவரும் கறுப்பினத்தவர்.

சிக்கல் பெயரிலேயே இருந்தது. நம்மூரில் ஒரு பிள்ளையைப் ‘பரட்டை’ என்றால், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவாதவன் என்று ஏசுவதாக அர்த்தம். நாளைக்கே சீவிக்கொண்டு வந்தால் அந்த ஏச்சு தீர்ந்துவிடும். ‘நேப்பி’ அப்படித் தீராது. பிறக்கும்போதே சுருண்டு அடர்ந்து வரும் முடியை, அதன் வழியாக இனத்தையே இழிவு செய்ய அடிமைக் காலத்திலிருந்து புழங்கிவந்த சொல் அது. அந்த முடியை நேராக்கக் கறுப்பினப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சனிக்கிழமை இரவு சமையலறையில் இரும்புச் சீப்பை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, மகளின் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா இழுப்பாள். மறுநாள் தேவாலயத்துக்குப் போக வேண்டுமே! பிறகு காரம் கலந்த ரசாயனக் குழம்புகள் வந்தன. காது சுட்ட தழும்பும் உச்சந்தலை எரிச்சலும் எத்தனையோ தலைமுறைப் பெண்களின் சிறுபிராயத்தோடு ஒட்டியவை. அந்தப் பெண்களில் ஒருத்திதான் இப்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாய்.

ஹெரன் அந்தச் சொல்லை மீட்டெடுக்கப் பார்த்தார். குடும்பம் கூடிய ஒரு விருந்தில் மார்டெகாய் மாமா எழுந்து, பிரெண்டா என்ற சிறுமியின் முடியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். அவர் ஒரு வரி சொல்ல, சுற்றியிருக்கும் சொந்தபந்தம் எதிர்க்குரல் கொடுக்கிறது. நம் வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவாரே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இப்படியொரு முடி உலகில் வேண்டும் என்று கடவுளே ஆசைப்பட்டு இவளைப் படைத்தார் என்று கதை போகிறது. கேலியில் தொடங்கிக் கொண்டாட்டத்தில் முடிகிறது. ஜோ செபெடா வரைந்த வண்ணப் படங்களும் அதே கும்மாளத்தில் இருக்கும். சத்தமாக வாசிப்பதற்கென்றே எழுதப்பட்ட புத்தகம். வகுப்பில் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனதாக ஷெர்மன் சொன்னார். நம்பக்கூடியதுதான்.

ஆனால் புத்தகம் வீடுகளுக்குப் போகவில்லை. போனது ஜெராக்ஸ்.

நவம்பரில் ஒரு தாய் தன் மகளின் கோப்பில் சில ஜெராக்ஸ் தாள்களைப் பார்த்தார். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்த பக்கங்கள். அந்தக் கால ஜெராக்ஸ் இயந்திரம் ஒரு வண்ணப் படத்தை என்ன செய்யும் என்பது நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். பழுப்பும் செம்மண் நிறமும் ஒன்றாகிக் கரியாகும். கன்னத்தின் மினுமினுப்பு போய்விடும், முகத்தில் மிஞ்சுவது பல்லும் கண்ணின் வெள்ளையும்தான். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய வெள்ளைக்காரக் கூத்துகளின் விளம்பரத் தாள்களில் இருந்தவையும் அப்படிப்பட்ட முகங்கள்தான். தாளில் மாமாவின் குரல் கேட்காது. எழுதியவர் யார் என்பதும் தெரியாது. முடியைப் பற்றிய பழைய வசவு மட்டும் அச்செழுத்தில் இருக்கிறது, கொடுத்தனுப்பியவர் வெள்ளைக்கார டீச்சர்.

அந்தத் தாய்க்கு ஆத்திரம் வந்ததில் எனக்கு வியப்பில்லை. தாள்கள் மேலும் நகலெடுக்கப்பட்டு அக்கம்பக்கத்தில் சுற்றின. (இன்றைக்கு அந்த வேலையை வகுப்பு வாட்ஸ்அப் குழு ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடும்.)

நவம்பர் 23 அன்று பள்ளியில் நடந்த கூட்டத்துக்கு ஐம்பது பேரளவில் வந்தார்கள். கூச்சல், வசவு, நேரடி மிரட்டல். புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் அவர்களில் பலர். அதைவிட முக்கியமாக, வந்தவர்களில் பெரும்பாலோருடைய பிள்ளைகள் ஷெர்மனின் வகுப்பிலேயே இல்லை. அவருடைய வகுப்புப் பெற்றோரில் பலர் அவர் பக்கம்தான் நின்றார்கள். தினமும் மாலையில் வாசலில் அவரைப் பார்க்கிறவர்கள், பிள்ளை வீட்டில் அவரைப் பற்றிப் பேசுவதைக் கேட்கிறவர்கள். அவர்களுக்கும் அதே தாள், அதே சொல்தான். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: சொல்லுக்கான எல்லை எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இல்லை. ஆளைத் தெரிந்த வீட்டில் அது ஓரிடத்தில் இருந்தது, தெரியாத வீட்டில் வேறோர் இடத்தில்.

ஷெர்மன் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. இப்படிப்பட்ட பக்கங்களைப் பையில் போட்டு அனுப்பும்போது பெற்றோருக்கு நாலு வரி எழுதி வைத்திருக்கலாம். அவர் நல்ல எண்ணத்தோடு செய்தார், சரி. நல்ல எண்ணம் தாளில் அச்சாவதில்லையே. ஆனால் நிர்வாகம் செய்ததுதான் பெரிய பிழை. பாதுகாப்பு என்ற பெயரில் அவரை வகுப்பிலிருந்து எடுத்து வட்டார அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். டீச்சர் தப்பு செய்ததால்தான் தூக்கிவிட்டார்கள் என்று தெரு நினைக்காமல் வேறென்ன நினைக்கும்? நகரப் பள்ளிகளின் தலைவர் ரூடி க்ரூ, அவரும் கறுப்பினத்தவர், ஷெர்மனை வெளிப்படையாகவே ஆதரித்தார். திரும்பி வரவும் அழைத்தார்கள். அவர் வரவில்லை. குவீன்ஸ் பகுதியில் வேறொரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டின் நடுவில் வேறு டீச்சர்.

சொல்லின் கதை அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே கறுப்பினப் பெண் எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் அதே சொல்லைத் தலைப்பில் வைத்து, சிறுமிகளின் முடியைக் கொண்டாடும் படப்புத்தகம் எழுதினார். 2007-இல் வானொலிக்காரர் டான் ஐமஸ், ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து மாணவிகளை அதே சொல்லோடு இன்னொரு கெட்ட வார்த்தையும் சேர்த்து இழிவாகப் பேசி வேலையை இழந்தார். முடியின் வகையைக் காட்டிப் பள்ளியிலும் வேலையிலும் ஒதுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2019-இல் சட்டம் போட்டது. வேறு பல மாநிலங்களும் பின்னால் வந்தன.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. தன் பிள்ளை அந்த வகுப்பில் இல்லாதவர்கள்கூட ஏன் திரண்டு வந்தார்கள்? புஷ்விக்கை ஒட்டியே ஓஷன் ஹில் இருக்கிறது. 1967-இல் அங்கும் பக்கத்து பிரவுன்ஸ்வில்லிலும் பள்ளிகளைக் கறுப்பினப் பெற்றோரின் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் அமைத்த குழு 1968-இல், பெரும்பாலும் வெள்ளையரான ஆசிரியர்களில் சிலரை வெளியேற்றியது. அதை எதிர்த்து ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியதில் நியூயார்க் நகரப் பள்ளிகள் வாரக்கணக்கில் முடங்கின. அந்த ஆண்டு பள்ளி வாசலில் போலீஸ் வரிசையைப் பார்த்த சிறுவர் சிறுமியருக்கு 1998-இல் வயது நாற்பதை நெருங்கியிருக்கும். வெள்ளைக்கார டீச்சர், கறுப்பினப் பிள்ளை, மூடிய கதவுக்குள் என்ன நடக்கிறதோ என்ற சந்தேகம், எல்லாம் அப்போதே இருந்தவைதான்.

அடுத்த வாரம் அந்த 1968-க்குப் போவோம்.

(தொடரும்)