குடும்பத்தோடு ஒரு நெடும்பயணம்

அயல்நாட்டுப் பயணம் விமான நிலையத்தில் தொடங்குகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது பல மாதங்களுக்கு முன்பே, வீட்டுக் கூடத்தில், நிலப்படம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு நான்கு பேர் வாதாடும்போதே தொடங்கிவிடுகிறது. தனியாகச் செல்பவன் வழியில் மனம் மாறலாம். ஒரு வேளை பட்டினி கிடக்கலாம். இரயில் நிலையத்து விசிப்பலகையிலும் படுத்து உறங்கலாம். முதியோரையும் சிறுவரையும் உடன் அழைத்துச் செல்பவனுக்கு அந்த உரிமை இல்லை. அவன் முன்கூட்டியே சிந்தித்தாக வேண்டும். எவ்வாறு சிந்திப்பது என்பதைப் பற்றித்தான் இன்று மாணவ நண்பர்களாகிய உங்களோடு பேச விரும்புகிறேன்.

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குவது நலம். 2023 ஆம் ஆண்டு மே மாதம், கோடை விடுமுறையில், நாங்கள் ஐவர் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று முப்பது நாள் சுற்றி வந்தோம். நானும் என் மனைவியும், கல்லூரியில் பயிலும் மகனும், பள்ளியில் பயிலும் மகளும், என் தாயாரும். தாயாருக்கு அப்போது வயது 71. இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்பவர்.

முதலில் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பத்தை ஒரு தாளில் எழுதினோம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது பத்தொன்பது நகரங்கள் வந்தன. தாயாரின் தாளில் மட்டும் நகரத்தின் பெயரே இல்லை. "பனியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்" என்ற ஒரே வரிதான் இருந்தது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். ஊர் மாறும் நாளில் பெட்டி கட்டுதல், நிலையத்தை அடைதல், வண்டியில் செல்லுதல், புதிய விடுதியைத் தேடிக் கண்டுபிடித்தல் ஆகியவற்றில் குறைந்தது அரைநாள் கழிந்துவிடும். பத்தொன்பது நகரங்களுக்குப் பதினெட்டு மாற்றங்கள். ஆக ஒன்பது நாட்கள். முப்பது நாளில் ஒன்பது நாளைப் பெட்டி சுமப்பதற்கென்றே ஒதுக்க யார் இசைவார்? ஐந்து ஊர்களில் மட்டும் தங்கினால் நான்கே மாற்றங்கள், இரண்டே நாட்கள். எஞ்சிய ஊர்களில் அண்மையில் உள்ளவற்றைக் காலையில் சென்று மாலையில் திரும்பும் வகையில் பார்த்துக்கொள்ளலாம். திட்டமிடுதல் என்பது சேர்ப்பது அன்று. விடுவதே என்பது இக்கணக்கினால் விளங்கும்.

எதை விடுவது? அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நாங்கள் நிலப்படத்தில் ஓர் இழையைத் தேடினோம். ரோம் நகரில் தொடங்கி, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, ரைன் ஆற்றின் வழியே வடகடலை அடைவது என்று முடிவு செய்தோம். ரைன் ஆறு ஸ்விட்சர்லாந்து மலைகளில் தோன்றி, ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. பழைய ரோமப் பேரரசின் வட எல்லையாக நெடுங்காலம் விளங்கியது இவ்வாறே. எனவே ரோமில் கண்ட வரலாற்றின் தொடர்ச்சியை ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் காணலாம். இந்த இழையைக் கைக்கொண்டதும் பாரிஸ் கழிந்தது, வெனிஸ் கழிந்தது, லண்டனும் கழிந்தது. "ஐரோப்பாவுக்குச் சென்று பாரிஸைப் பார்க்கவில்லையா?" என்று உறவினர் இன்றும் கேட்கின்றனர். பார்க்காத ஊர் அங்கேயே இருக்கிறது. அவசரத்தில் பார்த்த ஊரோ நினைவிலும் இருப்பதில்லை.

இழையின் திசைக்கும் காரணம் உண்டு. நமக்கு மே மாதம் கடுங்கோடை. ஐரோப்பாவில் அது இளவேனிலின் இறுதி. அங்கே தெற்கில் முதலில் வெப்பம் வரும். வடக்கு மெல்லச் சூடேறும். ஆகவே மாதத் தொடக்கத்தில் தெற்கிலும் இறுதியில் வடக்கிலும் இருப்பதே முதியோர் உடலுக்கு உகந்தது. ரோமில் ஏழு இரவு, புளோரன்ஸில் ஆறு, ஸ்விட்சர்லாந்தின் லூசெர்னில் ஆறு, ஜெர்மனியின் கொலோனில் ஐந்து, நெதர்லாந்தின் லெய்டனில் ஐந்து. ஆக இருபத்தொன்பது இரவுகள்.

இரவுகளை எண்ணியதற்கு மற்றொரு பயனும் உண்டு. 1985 ஆம் ஆண்டு லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் ஐந்து நாடுகள் தம் எல்லைச் சோதனைகளை நீக்கிக்கொள்ள உடன்பட்டன. இன்று அவ்வமைப்பில் 29 நாடுகள் உள்ளன. ஒரே விசாவைக் கொண்டு அவை அனைத்திலும், எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேற்படாமல், தங்கலாம். எந்த நாட்டில் மிகுதியான நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் கணக்கில் இத்தாலிக்குப் பதின்மூன்று இரவு; எனவே இத்தாலியிடம் விண்ணப்பித்தோம். பயணத்திற்கு ஆறு மாதத்திற்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் இயலாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பிரிட்டன் இவ்வமைப்பில் இல்லை. அதற்குத் தனி விசா வேண்டும். லண்டனை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து, எங்கே விரைவது, எங்கே மெல்லச் செல்வது என்பதை முடிவு செய்ய வேண்டும். ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு விரைவு இரயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் செல்கிறது, அங்கே விரைந்தோம். ஆல்ப்ஸ் மலையிலோ இரு வழிகள் உள்ளன. 2016 இல் திறக்கப்பட்ட கோத்தார்டு அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீட்டர் நீளமுடையது. உலகின் மிக நீண்ட இரயில் சுரங்கமாகத் திறக்கப்பட்டது. அதற்குள் சென்றால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் மலையைக் கடக்கலாம். ஆனால் காண்பது இருள் ஒன்றே. 1882 இல் அமைந்த பழைய பாதையோ உயர ஏறி, 15 கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடந்து, மலைக்குள்ளேயே வட்டமிட்டு வளைந்து இறங்குகிறது. அவ்வழியில் வாசன் என்னும் சிற்றூரின் மாதாகோயில் மூன்று முறை கண்ணுக்குத் தென்படும்: முதலில் கீழே, பின்னர் எதிரே, இறுதியில் தலைக்கு மேலே! செங்குத்தான மலையில் இரயில் எவ்வாறு இறங்குகிறது என்பதைப் பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் விளக்குவதை அந்த மாதாகோயில் மூன்று காட்சிகளில் விளக்கிவிடுகிறது. நாங்கள் பழைய பாதையையே தேர்ந்தோம்.

சிறு செய்திகள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். மே மாத இறுதியில் கொலோனில் பகற்பொழுது ஏறத்தாழ 16 மணி நேரம். நம் சென்னையிலோ 13 மணிக்கும் சற்றுக் குறைவு. இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருப்பதனால் பிள்ளைகளுக்கு உறக்கம் வராது. பெரியவர்களுக்கோ இன்னும் ஓர் இடம் பார்த்துவிடலாம் என்ற ஆசை வரும். கதிரவனை நம்பாமல் கடிகாரத்தை நம்ப வேண்டும். ஊர்ப் பெயர்களும் மயக்கும். புளோரன்ஸ் என்று நாம் அறிந்த ஊர் நிலையப் பலகையில் 'பிரென்சே' என்றும், கொலோன் 'கெல்ன்' என்றும் எழுதப்பட்டிருக்கும். வாட்டிகன் அருங்காட்சியகம் பெரும்பாலான ஞாயிறுகளில் திறப்பதில்லை. புளோரன்ஸின் உபீசி ஓவியக்கூடத்திற்குத் திங்கள் விடுமுறை. ஜெர்மனியில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருள்களும் கொண்டுசெல்லலாகாது. ஆகவே பாட்டி ஆசையோடு கட்டித் தரும் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே நிற்க வேண்டியவை. அரிசி எங்கும் கிடைக்கும். சமையலறை உள்ள விடுதியைத் தேடிக்கொண்டால் போதும். மருந்துகளை இரண்டு பைகளில் பிரித்து வைப்பதும், நான்கு நாளுக்கு ஒரு நாளை ஒன்றுமின்றி விடுவதும் நன்று. துணி துவைக்கவும் கால் ஓயவும் அந்த நாள் உதவும்.

தாயாரின் ஒரு வரி விருப்பத்திற்குத்தான் நாங்கள் மிகுதியாகச் சிந்திக்க வேண்டியிருந்தது. ஸ்விட்சர்லாந்தில் யுங்ஃப்ராவ் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் உள்ளது. அது வேண்டாம் என்றார் எங்கள் மருத்துவர். லூசெர்னுக்கு அருகிலுள்ள டிட்லிஸ் மலையில் கம்பிவட ஊர்தி ஏறத்தாழ 3,000 மீட்டர் வரை செல்கிறது. "மெல்ல நடக்கட்டும், ஒரு மணி நேரத்திற்கு மேல் தங்க வேண்டாம், தலை சுற்றினால் உடனே இறங்கிவிடுங்கள்" என்று அவர் இசைவு தந்தார். மலையில் முகில் மூடினால் ஒன்றும் தெரியாது. ஆதலால் இன்ன நாள் என்று முடிவு செய்யாமல், லூசெர்னில் மூன்று நாட்களை வெறுமையாக வைத்திருந்தோம். வானத்தைப் பொறுத்த காரியத்தை நாட்குறிப்பில் ஆணியடித்து வைக்கலாகாது. முதல் இரண்டு நாளும் முகில். மூன்றாம் நாள் வானம் தெளிந்தது. மேலே சென்று, கையுறையைக் கழற்றி, ஒரு பிடி பனியை அள்ளினார் தாயார். "உப்பளத்துக் கல்லுப்புப் போலல்லவா நறநறவென்று இருக்கிறது!" என்றார். பழம்பனி உருகியுருகி மீண்டும் உறைவதனால் மணிமணியாகிறது என்று மகன் அறிவியல் காரணம் சொன்னான். நாகப்பட்டினக் கரையில் பிறந்தவருக்கு உப்பை விடப் பொருத்தமான உவமை வேறெது?

அந்த நாகப்பட்டினமே எங்கள் இழையின் முடிவிலும் காத்திருந்தது. கி.பி. 50 இல் ரோமரின் குடியேற்ற நகரமாக உயர்ந்த கொலோனில், 1248 இல் தொடங்கி 1880 இல் முடிவுற்ற பெருங்கோயிலைக் கண்டோம். பின்னர், பழைய ரைன் என்னும் கிளையாறு ஓடும் லெய்டனை அடைந்தோம். சோழர் வழங்கிய ஆனைமங்கலச் செப்பேடுகள் நெடுங்காலம் இருந்த ஊர் அது. நாங்கள் சென்ற ஆண்டில் அவை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இருந்தன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுப்பித்த பௌத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் அளித்த கொடையைக் கூறும் பெரிய தொகுதியில் 21 ஏடுகள். முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய தொகுதியில் 3 ஏடுகள். ஆம்ஸ்டர்டாமை விடுத்து லெய்டனில் ஐந்து இரவு தங்கியது இதனால்தான். ஒரு நாட்டின் பெரிய நகரம் எது என்று வழிகாட்டி நூல் சொல்லும். நமக்கு உரிய ஊர் எது என்பதை நாமே அறிய வேண்டும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் அனைவரும் உடனே ஐரோப்பாவுக்குச் செல்லப் போவதில்லை. ஆனால் வரும் விடுமுறையில் பத்து மைல் தொலைவிலுள்ள ஊருக்குக் குடும்பத்தோடு செல்லக்கூடும். அப்போதும் இம்முறை பயன்படும். எல்லோருடைய விருப்பத்தையும் கேளுங்கள், ஓர் இழையைத் தேடுங்கள், அதில் சேராதவற்றைத் துணிந்து விடுங்கள், நாட்களை எண்ணுங்கள், சிறிது வெற்றிடம் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தில் மிக மெல்ல நடப்பவர் யார் என்று பாருங்கள். அவருடைய நடையே அனைவருடைய நடையாகட்டும். விரைந்து நடப்பவர் மெல்ல நடப்பதால் இழப்பது சில நாழிகை. மெல்ல நடப்பவரை விட்டுச் சென்றால் இழப்பது பயணத்தையே.