மேனியில் பூசுமுன் ஒரு கணம்

தீவகத்தில் மீளக் குடியேறிய குடும்பங்களின் மாதர் சங்கக் கூட்டமொன்றில் நாம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம். அடுத்த முறை வரும்போது, வீட்டில் தோலுக்குப் பூசுகின்ற பொருட்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றோம். கொண்டுவந்தார்கள். ஒரு பாயில் அவற்றைப் பரப்பினோம். சவர்க்காரக் கட்டிகள், தேங்காயெண்ணெய்ப் போத்தல்கள், வேப்பெண்ணெய், மஞ்சள் தூள், வசிலின், பாமசியில் சீட்டு இல்லாமல் வாங்கிய ரியூப்கள், இவற்றோடு ஏழெட்டு வெள்ளை கிறீம் டப்பாக்கள்.

அந்தப் பொருட்களை நாம் மூன்றாகப் பிரித்தோம். நம்பிப் பூசக்கூடியவை ஒரு பக்கம், முறையறிந்து பூச வேண்டியவை ஒரு பக்கம், வீட்டுக்குள்ளேயே வரக்கூடாதவை ஒரு பக்கம். அன்று வர முடியாதவர்களுக்காகவும், 1990-91இல் ஊரை விட்டு வெளியேறி, 1995இல் மீண்டும் இடம்பெயர்ந்து, இன்றும் வன்னியிலும் யாழ்நகர்ப் புறங்களிலும் வாழ்கின்ற தீவக மக்களுக்காகவும் அன்று பேசியதை இங்கே எழுதுகின்றோம்.

நம் தண்ணீரும் சவர்க்காரமும்

எமது நிலம் சுண்ணாம்புக் கல் நிலம். கிணற்று நீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்துள்ளன. சவர்க்காரம் இவற்றோடு சேரும்போது நுரை வராமல் வெண்ணிறப் படிவாக மாறுகிறது. நுரை வரவில்லையே என்று நாம் மேலும் மேலும் தேய்க்கின்றோம். அந்தப் படிவு தோலிலேயே தங்கிவிடுகிறது. குளித்து முடிந்ததும் காலில் வெள்ளைக் கோடு விழுவதும், பிள்ளைகள் அரிக்கிறது என்று சொறிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது. சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. துணி தோய்க்கும் சவர்க்காரத்தில் காரம் இன்னும் கடுமையாக இருக்கலாம். ஆகவே அதைப் பிள்ளைகளின் உடம்பில் பூசாதீர்கள். நாளாந்தம் அக்குள், அரை, பாதம் ஆகிய இடங்களுக்குச் சவர்க்காரம் போட்டால் போதும். மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். கைகளை மட்டும் எப்போதும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

சவர்க்காரம் என்பது எண்ணெயும் கோஸ்டிக் சோடாவும் சேர்ந்து உருவாகும் பொருள். விலை கூடிய கட்டியில் நாம் பெரும்பாலும் வாசனைக்கும் நிறத்துக்கும் உறைக்குமே காசு கொடுக்கின்றோம். 1990களில் பொருளாதாரத் தடையினால் சவர்க்காரம் கிடைக்காதபோது எமது தாய்மார் பனம்பழக் களியைக் கரைத்துத் துணி தோய்த்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது வெறும் சமாளிப்பு அல்ல. பனங்களியில் பிளபெலிஃபெரின் என்ற சப்போனின் வகைப் பொருட்கள் இருப்பதை இலங்கை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். நுரைப்பதும் அழுக்கை இழுப்பதும் சப்போனினின் குணம். எமது அம்மாமாரின் கை அறிந்திருந்ததை ஆய்வுகூடம் பின்னர் பெயர் சொல்லி அழைத்தது.

எண்ணெய், வசிலின், கிளிசரின்

காய்ந்து வெடிக்கும் தோலுக்கு வேண்டியது ஈரம். வசிலின் ஈரத்தைக் கொடுப்பதில்லை, இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடி வைக்கிறது. ஆகவே குளித்துத் துவட்டியதும், உடம்பு சற்று ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் பயன் குறைவு. அமெரிக்கரான றொபேட் செஸ்பரோ 1872இல் காப்புரிமை பெற்ற பொருள் இது. நூற்றைம்பது ஆண்டுகளாக உலகம் முழுவதும் பாவித்து, நன்கு சுத்திகரிக்கப்பட்ட வசிலின் பாதுகாப்பானது என்று உறுதியாகியுள்ளது. வயலில் நிற்பவர்களின் குதிக்கால் வெடிப்புக்கு இரவில் வசிலின் பூசிப் பழைய காலுறை போட்டுப் படுத்தால் ஒரு கிழமையில் வித்தியாசம் தெரியும்.

தேங்காயெண்ணெயும் இவ்வாறே உதவும். 2004இல் பிலிப்பைன்ஸ் நாட்டு வைத்தியர்கள் வறண்ட தோலுடைய 34 பேரிடம் தேங்காயெண்ணெயையும் கனிய எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரண்டும் ஒரேயளவு நன்மை தந்தன. கிளிசரினோ தண்ணீரைத் தன்பால் இழுக்கும். அதைத் தனியாகப் பூசாமல் தண்ணீர் கலந்தே பூச வேண்டும். இம்மூன்றையும் நாம் பாயின் முதற் பக்கத்தில் வைத்தோம். ஆனால் எரிகாயத்துக்கு எண்ணெயோ வசிலினோ உடனே பூசக்கூடாது. முதலில் இருபது நிமிடம் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள்.

இயற்கை என்றால் எல்லாம் நல்லதா?

வேம்பும் மஞ்சளும் எமது முற்றத்து மருந்துகள். வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துச் சொறி கண்ட 814 பேருக்குப் பூசியதில், 97 சதவீதமானோர் மூன்று முதல் பதினைந்து நாட்களில் குணமடைந்ததாக 1992இல் வெளியான ஒரு முன்னோடி ஆய்வு கூறுகிறது. நல்ல செய்திதான். ஆனால் இதே வேம்பின் எண்ணெயைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் அறிய வேண்டும். மலேசியாவில் வேப்பெண்ணெய் ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம் ஏற்பட்டு, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை வைத்தியர்கள் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினர். மேலுக்குப் பூசுவது வேறு, உள்ளுக்குக் கொடுப்பது வேறு.

மஞ்சளில் ஆபத்து மஞ்சளிலே இல்லை, கலப்படத்தில் உண்டு. 2020இல் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறியபோது, எமது கடற்கரைகளில் கடத்தல் மஞ்சள் வந்து இறங்கியது எல்லோருக்கும் தெரியும். பங்களாதேஷில் நிறம் கூட்டுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேற்று சேர்க்கப்பட்டதை 2019இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். ஆகவே தூளாக வாங்குவதைவிட, கிழங்காக வாங்கி வீட்டில் இடித்துக் கொள்வது நல்லது. வளவில் நான்கு மஞ்சள் நட்டால் இன்னும் நல்லது.

தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசிவிட்டு வெயிலில் இறங்காதீர்கள். சாறும் வெயிலும் சேர்ந்து தோலைக் கொப்புளிக்க வைக்கும். பின்னர் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

அக்கம்பக்கத்து ரியூப்

நெடுந்தீவில் இருப்பவர் தோல் வைத்தியரைப் பார்க்க வேண்டுமென்றால் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போக வேண்டும். ஒருநாள் கூலி போய்விடும். எனவே பக்கத்து வீட்டார் பூசிச் சுகம் கண்ட ரியூப்பைக் கேட்டு வாங்கிப் பூசுகிறார்கள். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ரியூப்களில் பல பீற்றாமெதசோன், குளோபீற்றாசோல் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகள். இவை அரிப்பை உடனே அடக்கும். கிருமியைக் கொல்லாது. படர்தாமரைக்கு இதைப் பூசினால் சிவப்பு மறையும், பூஞ்சணம் அமைதியாக அடியில் பரவும். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்புகள் தெரிந்து, பரு கிளம்பும். நீண்ட நாள் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தாமல் வைத்தியரின் ஆலோசனைப்படி குறைக்க வேண்டும்.

சொறி வேறு விடயம். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் குடைந்து முட்டையிடுவதால் வருவது. இரவில் அரிப்புக் கூடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அரை ஆகிய இடங்களில் தெரியும். முகாம்களில் ஒரே பாயில் பலர் படுத்த நாட்களில் இது எம்மை எவ்வளவு வாட்டியது! அது அசுத்தத்துக்கு வந்த தண்டனை அல்ல, நெருக்கத்தினால் வந்த நோய். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பேர்மெத்திரின், பென்சைல் பென்சோவேற், கந்தகக் களிம்பு ஆகியவற்றில் எது பொருத்தம் என்பதை வைத்தியர் சொல்வார். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேட்காமல் பூச வேண்டாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். துணிகளைச் சுடுநீரில் தோய்க்க வேண்டும் அல்லது பையில் கட்டி ஒரு கிழமை வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் சொறி வீட்டைச் சுற்றி வரும்.

வெள்ளை டப்பா

கடைசிப் பக்கத்தில் வெள்ளை கிறீம்கள். அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்த தாய் சொன்னார்: "உதைப் பூசினாப் பிறகுதான் சுவாமி, பிள்ளைக்கு முகம் வெளிச்சது." மகளுக்கு வெளிநாட்டுச் சம்பந்தம் பேசுகிறார்கள். படம் அனுப்ப வேண்டும். டப்பாவில் தயாரித்தவர் முகவரியோ இறக்குமதியாளர் பெயரோ இல்லை. அதே டப்பாவில் இருந்து கர்ப்பிணியான மூத்த மகளும் பூசி வந்தாள்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். பாதரசம் அது உருவாவதைத் தடுப்பதால் சில கிழமைகளில் முகம் வெளுக்கிறது. ஆனால் பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும். நடுக்கம், மறதி, தூக்கமின்மை தரும். வயிற்றுப் பிள்ளையையும் சென்றடையும். பூசியவரின் துவாய், தலையணை வழியாக வீட்டில் உள்ள மற்றவர்களையும் சேரும். 1956இல் ஜப்பானின் மினமாட்டா கடற்கரையில் தொழிற்சாலைக் கழிவுப் பாதரசம் மீனில் சேர்ந்து மீனவக் குடும்பங்களை முடமாக்கியது வெளிப்பட்டது. அந்த ஊரின் பெயரால் 2013இல் ஏற்பட்ட உலக ஒப்பந்தத்தில் இலங்கையும் 2017இல் இணைந்தது. அழகுக் கிறீமில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்பது அதன் முதல் எல்லை. 2023இல் கூடிய நாடுகள், 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை முற்றாக ஒழிக்கத் தீர்மானித்தன. ஆனால் 2019இல் பாதரச ஒழிப்புக்காக உழைக்கும் சர்வதேச அமைப்புகள் 12 நாடுகளில் வாங்கிச் சோதித்த 158 கிறீம்களில் 95 அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. சட்டம் ஒன்று, சந்தை ஒன்று.

வாங்குமுன் ஆங்கிலம் வாசிக்கக்கூடிய பிள்ளையிடம் உறையைக் கொடுங்கள். மேர்க்குரி, மேர்க்குரிக், கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் வேண்டாம். ஹைட்ரோகுயினோன் இருந்தால் வைத்தியரைக் கேளாமல் தொடாதீர்கள். தங்க, வெள்ளி நகைகளில் படக்கூடாது என்று எழுதியிருந்தால் அது பாதரசத்தின் கையெழுத்து. தாலிக்கொடிக்கு ஆகாதது கழுத்துத் தோலுக்கு எப்படி ஆகும்? பொருட்களின் பட்டியலும் இறக்குமதியாளர் பெயரும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். ஒன்றும் எழுதாததால் ஒன்றும் இல்லை என்று எண்ணவும் வேண்டாம். ஏற்கனவே பூசியவர்கள் உடனே நிறுத்தி, வைத்தியசாலையில் டப்பாவையும் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். மிச்சத்தைக் கிணற்றடியில் எறியாமலும் எரிக்காமலும் பையில் கட்டிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். விற்பனை பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

அந்தத் தாயும் இரு பிள்ளைகளும் மறுகிழமையே வைத்தியசாலைக்குப் போனார்கள். மூத்தவள் தொடர்ந்து கிளினிக்குக்குப் போய் வருகிறாள். குழந்தை நலமாகப் பிறக்க வேண்டுமென்று நாமும் காத்திருக்கின்றோம்.

கறுப்பு எமக்கு வெட்கமான நிறமல்ல. வெயிலில் புகையிலைக்குத் தண்ணீர் இறைப்பவரையும் களங்கண்டியில் நிற்பவரையும் காப்பது அந்த மெலனின்தான். விவிலியத்தின் இனிமைமிகு பாடலில் வரும் பெண்ணும் திராட்சைத் தோட்டத்தில் வெயில் பட்டுக் கறுத்தவள். அவள் தன்னை அழகியென்றே சொல்கிறாள். எமது பிள்ளைகளுக்கும் அதைச் சொல்வோம். சம்பந்தம் பேச வருபவர்களிடமும் அதையே சொல்வோம்.